மில் தெருவில் யாருடைய வீடு

1

போன வாரத்தோடு நாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் நிறைந்தது. மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று ஒரு படம் எடுத்தேன். மட்டக்களப்பில் என்னோடு படித்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுவிட்டு, வாழ்த்துகள் வரும் என்று காத்திருந்தேன். முதலில் எழுதியவன் ரவீந்திரன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கல்லடியில் இருக்கிறான். வேலையை விட்டாலும் பிழை பிடிக்கிற பழக்கத்தை விடவில்லை.

"இதுல எது மச்சான் உன்ட வீடு?"

"இடப்பக்கத்தில இருந்து ஆறாவது" என்று எழுதினேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பான். பிறகு எழுதினான்: "இது லயன் காம்பறாதானே. இதுக்கு நீ பதுளைக்குப் போயிருந்தா காணுமே, என்னத்துக்கு இங்கிலாந்துக்குப் போன நீ?"

குழுவில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. நான் இருப்பது வட இங்கிலாந்தில், இரண்டு மலைக்கு நடுவே ஆறு ஓடுகிற ஒரு ஊர். ஒரு காலத்தில் இந்த ஊருக்கு இருந்த ஒரே வேலை பருத்தித் துணி நெய்வது. ஆலை முதலாளி தன் தொழிலாளிகளுக்கு ஆலைக்குப் பக்கத்திலேயே வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார். ஒருவருடைய சுவர்தான் அடுத்தவருக்கும் சுவர். ஆலை மணி அடித்தால் எல்லா வீட்டுக்கும் கேட்க வேண்டும், நித்திரை கொண்டுவிட்டேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. தேயிலைத் தோட்டத்துத் துரை நம் நாட்டில் கூலிகளுக்கு லயன் கட்டிச் செய்ததை இந்த முதலாளி தன் சொந்தச் சனத்துக்கே செய்திருக்கிறார். ஒரே வித்தியாசம், இது கல்லில் கட்டினது. மழையும் புகையும் பட்டுக் கறுத்துப்போன கல்.

ஆலை மூடி எவ்வளவோ காலம். ஒரு பாதியைப் பணக்காரர்களுக்கு ஃபிளாட்டாக மாற்றிவிட்டார்கள். மற்றப் பாதியில் ஒரு கம்பளக் கடையும் ஒரு உடற்பயிற்சிக் கூடமும் இருக்கின்றன. முன்பு பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு தறிகளுக்கு இடையே ஓடித் திரிந்த அதே மண்டபத்தில் இப்போது ஆட்கள் காசு கொடுத்து ஒரே இடத்தில் நின்று ஓடுகிறார்கள். புகைபோக்கி மட்டும் அப்படியே நிற்கிறது, அதில் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது என்று சட்டம். ஆலைக்குப் பின்னால் நீராவிக்காக வெட்டின ஒரு குளம் உண்டு. தாராக்கள் நீந்தும், மீன் பிடிக்கத் தடை. என் மனைவி ராணி அதை வாவி என்றுதான் சொல்வாள். மட்டக்களப்பு வாவிக் கரையில் பிறந்தவளுக்குத் தேங்கி நிற்கிற தண்ணீர் எல்லாம் வாவி.

2

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு ஒரு விசயம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் பிறகு செய்த கோமாளித்தனம் எதுவும் விளங்காது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த அன்றைக்கே தகப்பனுக்குக் கல்லும் சீமெந்தும் கனவில் வரத் தொடங்கிவிடும். கலியாணத்தோடு வீடு மகளின் பெயருக்குப் போகும், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேருவான். தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண் என்பவன் தாயின் வீட்டில் பிறந்து மனைவியின் வீட்டில் சாகிறவன். இடையில் அவனுக்கென்று ஒரு விலாசம் கிடையாது.

நான் பிறந்தது புளியந்தீவில். அப்பா கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் கிளார்க். வீடு அம்மாவுடையது, பிறகு அக்காவுடையது. அக்காவின் கலியாணம் முடிந்த அடுத்த நாள் என் மேசை விறாந்தைக்கு வந்தது, அத்தானின் மேசை உள்ளே போனது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. என் முறை வந்தபோது நான் குருக்கள்மடத்துக்குப் போனேன், ராணியின் வீட்டுக்கு. அங்கே எனக்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை. "ராணிட மாப்புள" என்றால் கடைக்காரன் கடன் கொடுப்பான்.

நாட்டை விட்டு வந்த கதை எல்லாரிடமும் இருக்கிற கதைதான், அதை விடுகிறேன். வெளிக்கிட முன் ராணி தன் வீட்டைத் தங்கச்சியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருந்தது, இன்னொரு வீடு கட்ட மாமாவுக்கு வசதியில்லை. "நான் வெளிநாட்டுக்குத்தானே போறன், எனக்கு என்னத்துக்கு?" என்றாள். காலையில் நொத்தாரிசிடம் போய் ஒப்பம் வைத்துவிட்டு வந்து, மத்தியானத்துக்கு மீன் வெட்டினாள்.

இங்கே வந்து பதினெட்டு வருடம் வாடகைக்கு இருந்தோம், மூன்று வீடுகளில். நான் பஸ் ஓட்டுகிறேன். ராணி ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் வேலை செய்கிறாள். பட்டாணி அவித்து, உருளைக்கிழங்கு மசித்து, அதற்கு மேல் மண்ணிறத்தில் ஒரு குழம்பை ஊற்றுகிற வேலை. அதை ருசி பார்க்கச் சொல்லும்போது மட்டும் தன்னைத் தண்டிக்கிறார்கள் என்பாள். எங்களுக்கு ஒரே மகள், தர்சினி. நகரத்து ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். தமிழ் விளங்கும், பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். ராணி தமிழில் திட்ட, அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, நடுவில் நான் பஸ் ஓட்டுகிறவனைப்போல நேரே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

இந்த நாட்டில் எனக்கு ஒரு கள்ள ஆசை வளர்ந்தது. இங்கே ஆண்களுக்கு வீடு இருக்கிறது. டிப்போவில் என்னோடு வேலை செய்கிறவர்கள் "என் வீடு, என் கூரை, என் தோட்டம்" என்று வாய் கூசாமல் பேசுகிறார்கள். எனக்கும் ஒருநாள் ஒரு வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர் வந்தால் என்ன என்று நினைத்தேன். ராணியிடம் சொல்லவில்லை. ராணிக்கு வேறு கணக்கு இருந்தது. தர்சினிக்கு இருபத்தாறு வயது, டானியல் என்று ஒரு பெடியனோடு பழக்கம். கலியாணத்துக்கு முன் பிள்ளைக்கு ஒரு வீடு எடுத்துக் கொடுக்காவிட்டால் தான் ஒரு தாயே இல்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஆக, நாங்கள் இருவரும் சேர்ந்துதான் காசு மிச்சம் பிடித்தோம், ஆனால் ஆளுக்கொரு வீட்டை நினைத்துக்கொண்டு.

3

இந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகையை நான் கண்டது பஸ்ஸின் சாரதி ஆசனத்தில் இருந்து. என் தரிப்பிடம் அந்த வீட்டுக்கு நேர் எதிரே. அந்த வீட்டு மார்கரெட் என் பயணி. சக்கரம் வைத்த சாமான் பையை இழுத்துக்கொண்டு ஏறுவார், இறங்கும்போது நன்றி சொல்லாமல் போகமாட்டார். அன்றைக்கு ஏறும்போது, வீட்டை விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். முழங்கால் படி ஏற விடுகிறதில்லை, ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போகப்போகிறேன், விருப்பமென்றால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார், கண்ணே, என்றார். இந்தப் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் கண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் வருடத்தில் நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராணியும் நானும் போனோம். கீழே ஒரு அறையும் குசினியும், மேலே இரண்டு அறைகள். பின்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு முற்றம். ராணி சுவரைத் தட்டிப் பார்த்தாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள், பிறகு திசை பார்த்தாள். முன்வாசல் மேற்கே பார்க்கிறது. அவள் முகம் விழுந்துபோனது. குசினிக்குள் போய்ப் பின்கதவைத் திறந்து, அது கிழக்கே பார்க்கிறதைக் கண்டதும், "இதுதான் முன்வாசல்" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் முன்வாசல். தபால்காரர் மட்டும் இன்னும் பழைய கொள்கையில் இருக்கிறார்.

முன் அறைச் சோபாவில் நடுவயது ஆள் ஒருவர் இருந்து போனில் உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கெவின் என்று மார்கரெட் சொன்னார். தாயைப் பார்க்க வந்த பிள்ளை என்று நினைத்து, ஒரு தலையாட்டலோடு அவரைக் கடந்தேன். வீட்டுக் கதை வீட்டுக்காரியோடுதான் பேச வேண்டும். நான் மார்கரெட்டுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊரில் மாமா எப்படி வளவு பேசுவாரோ அப்படிப் பேசினேன். கூரையைக் குறை சொன்னேன், உடனே சுவரைப் புகழ்ந்தேன். மார்கரெட் சிரித்துச் சிரித்துக் கொஞ்சம் இறங்கினார், நான் கொஞ்சம் ஏறினேன். கை கொடுத்தோம். தேத்தண்ணி ஊற்றித் தந்து, பிஸ்கட் டின்னைத் திறந்தார். கெவின் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், பிறகு ஆட்டத்தைப் பார்த்தார். வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் ஏஜென்ட் போன் எடுத்தார். யாரோடு பேசி முடித்தீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரியோடு என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. வீடு மார்கரெட்டுடையது இல்லை, கெவினுடையது. தகப்பன் சாகும்போது மகனுக்கு எழுதி வைத்தது. தாய் அங்கே இருப்பது மகனின் நல்ல மனசால். போதாததற்கு நகரத்தில் இருந்து ஒரு இளம் சோடி எங்களைவிடக் கூட விலை சொல்லியிருக்கிறது.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "வீடு போகப்போகுது ராணி" என்றேன்.

ராணி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "அவட வீடு இல்லையா?" என்றாள். "மறுகா ஏன் அவ தேத்தண்ணி தந்தவ?"

கெவினைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கினேன். அவர் நெடுநேரம் சிரித்தார். தன்னை நான் சட்டை செய்யாமல் விட்டது ஒரு பெரிய பேரம் பேசும் தந்திரம் என்று நினைத்து, வேலையிடத்தில் எல்லாம் சொல்லி மெச்சினாராம். அம்மா கை கொடுத்துவிட்டா, அதை நான் மாற்றினால் சாகும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி, பேசின விலைக்கே சம்மதித்தார். இதை என் ராசி என்று டிப்போவில் சொல்லித் திரிந்தேன்.

4

இனி மாதக்கணக்கில் கடதாசி. நிலத்துக்குக் கீழே பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறதா என்று ஒரு தேடுதல். ஆறு பெருகினால் தண்ணீர் வருமா என்று இன்னொன்று. மூன்றாவது தேடுதல் என்னை மிகவும் கவர்ந்தது. மேட்டில் இருக்கிற பழைய தேவாலயம் பழுதுபட்டால், செலவில் ஒரு பங்கை இந்த வீட்டுக்காரர் கொடுக்க வேண்டி வருமா என்று பார்ப்பது. ராணிக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை. "நம்மட கோயிலுக்கும் குடிக்குக் குடி வரி எடுக்கிறதானே. கேட்டா குடுப்பம்" என்றாள். சட்டத்தரணி ஒரு இளம் பெண். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, இதுவரை எந்த வாடிக்கையாளரும் அப்படிச் சொன்னதில்லை என்றார்.

பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், உறுதியில் யாருடைய பெயர் வர வேண்டும் என்று.

"மகள்ட பேர்" என்றாள் ராணி.

நான் ஜன்னலைப் பார்த்தேன். சட்டத்தரணி என் முகத்தைப் பார்த்தார். மகளுக்குத் தெரியுமா என்று கேட்டார். இன்னும் சொல்லவில்லை, பிள்ளைக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறோம் என்றேன். சந்தோசமாக இருக்கிறதோ இல்லையோ, மகள் அடையாள அட்டையோடு இங்கே வர வேண்டும் என்றார்.

அந்தக் கிழமையே டானியலின் தாய் தகப்பன் எங்களைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். தேத்தண்ணிதானே என்று நாங்கள் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனோம். போனால் மேசை நிறைய, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டமும் உருளைக்கிழங்கும். இந்த ஊரில் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் தேத்தண்ணி என்று பெயர், அது எனக்குத் தெரியும், ஆனால் தேவைப்படுகிற நேரத்தில் தெரியவில்லை. மூச்சுத் திணறச் சாப்பிட்டோம். சாப்பாடு முடிந்ததும் ராணி என்னைத் தட்டினாள். சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டியதைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும். எழுந்து நின்றேன்.

"நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம்" என்றேன் என் ஆங்கிலத்தில். "வீடு ஆயத்தம். டானியல் உடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்."

டானியலின் தாய் லிண்டா மகனைத் திரும்பிப் பார்த்தார். "எப்போது போகிறாய்?" என்று மெல்லக் கேட்டார். டானியலுக்கு வாயில் இருந்த இறைச்சி இறங்கவில்லை. தர்சினியின் முகம் போன போக்கைப் பார்த்து, நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

காரில் ஏறுகிறவரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு முதலில் ஆங்கிலம் வந்தது, அதற்குப் பிறகு தமிழ். அந்த ஒழுங்கில் வந்தால் விசயம் பெரிது.

"நான் உங்களிட்ட வீடு கேட்டனானா? எனக்கும் டானுக்கும் பிரிஸ்டல்ல வேலை கிடைக்கும் போல இரிக்கு. எங்க இருப்பம் எண்டே தெரியா. இந்த மில்லுக்குப் பக்கத்துல வீட்ட வெச்சு நான் என்ன செய்ய?"

"நீ இஞ்ச இரி எண்டு ஆரும் சொல்லல்ல" என்றாள் ராணி. "வாடகைக்கு விடு, பூட்டி வெச்சிரு. ஆனா உன்ட பேர்ல ஒண்டு இரிக்கணும். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா வெளிக்கிடுறது அவராத்தான் இரிக்கணும், நீ இல்ல."

"அம்மா, நாங்க இன்னும் ஒழுங்காச் சண்டை பிடிக்கவே இல்ல. நீங்க இப்பவே ஆரு வெளிக்கிடுறது எண்டு கதைக்கிறீங்க."

"பொம்புளைக்கு அதுதான் மகள் முதல் கதை."

"அப்ப உங்களுக்கு எங்க வீடு?" என்று கேட்டாள் தர்சினி.

கோபத்தில் கேட்டதில்லை. உண்மையில் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ராணி இருக்கைப் பட்டியைச் சரி செய்தாள்.

5

தர்சினி வேண்டாம் என்று எழுதியே அனுப்பிவிட்டாள், சட்டத்தரணிக்கும் ஒரு பிரதி. ராணி அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து சமைப்பாள், படுப்பாள். திரைச்சீலைக்கு அளவு எடுத்து மாதக்கணக்காக வைத்திருந்த கடதாசித் துண்டைக் கண்டேன், குப்பைக் கூடைக்குள். அதை எடுத்து நீட்டிப் பார்த்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறதென்றால், கவலைக்குக் கீழே ஒரு குதூகலமும் இருந்தது. மகள் விலகிவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதில், எங்கள் பரம்பரையில் எந்த ஆணுக்கும் கிடைக்காத பதவி என்னைத் தேடி வருகிறது. பஸ்ஸை அந்தத் தரிப்பிடத்தில் நிறுத்தும் போதெல்லாம் கண்ணாடியில் தலைமயிரைச் சரி செய்தேன்.

"உங்கட பேர்ல எழுதுங்க" என்றாள் ராணி ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே. "உங்களுக்கு ஆசைதானே. இவ்வளவு நாளும் தெரியாதெண்டா நினைச்சீங்க?"

நான் மறுத்தேன். அழகாக மறுக்கவில்லை, பாதி மனசோடு மறுத்தேன். அவளுக்கு அது விளங்கியிருக்கும்.

ஒப்பம் வைக்கிறதுக்கு முந்தின ஞாயிறு, எந்தச் சாமானை விட்டுப் போவது என்று காட்ட மார்கரெட் எங்களைக் கூப்பிட்டார். வீட்டில் பாதிப் பெட்டி கட்டியாகிவிட்டது. ராணி ஒரு பெட்டிக்குப் பட்டி ஒட்ட உதவினாள். அப்போது என் பக்கம் திரும்பி, "இஞ்ச பாருங்க, வீடு ஏன் அவட பேர்ல இல்ல எண்டு கேளுங்க" என்றாள். எப்படிக் கேட்கிறது, மரியாதையில்லை என்றேன். "நீங்க கேட்காட்டி நான் கேப்பன்" என்றாள். கேட்டேன்.

மார்கரெட் அதை ஒரு குறையாகவே எடுக்கவில்லை. பதினைந்து வயதில் ஆலைக்குப் போனாராம். ஆலை வீடுகளை விற்றபோது அவருடைய சம்பளமும் கணவனுடைய சம்பளமும் சேர்ந்துதான் வாங்கினது. கடதாசி ஆணின் பெயரில் போனது. அந்தக் காலத்தில் அப்படித்தான், யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை என்றார்.

"கோவம் வரல்லையாமா எண்டு கேளுங்க" என்றாள் ராணி.

மார்கரெட் சிரித்தார். "வந்தால்? அதை எடுத்துக்கொண்டு எங்கே போக, கண்ணே?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ராணிக்குத் தேவைப்படவுமில்லை, பட்டியைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரோடு வைத்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் தாய்க்கு வீடு இருந்தது, அக்காவுக்கு இருந்தது, மாமிக்கு இருந்தது. அவர்கள் எல்லாரும் யாரோடு பேசினாலும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். ராணியும் குருக்கள்மடத்தில் அப்படித்தான் பேசினாள். இங்கே வந்து அவள் அப்படி நின்று நான் காணவில்லை. வீடில்லாதவன் நான் என்று காலம் முழுக்கப் பகிடி விட்டுத் திரிந்தேன். எனக்கு இல்லாமல் போக ஒன்றுமே இருக்கவில்லை. வீட்டை இழந்தவள் பக்கத்தில் படுத்திருந்தாள்.

திங்கட்கிழமை சட்டத்தரணிக்குப் போன் எடுத்து, மனைவியின் பெயரில் எழுதச் சொன்னேன். இருவருடைய பெயரிலுமா என்று கேட்டார். இல்லை, அவளுடைய பெயரில் மட்டும். வங்கிக் கடன் என் சம்பளத்தை நம்பித்தானே தருகிறார்கள் என்றார். அதற்கும் ஒரு வழி இருந்தது. கடனில் இருவரும், உறுதியில் ஒருவர். ஆனால் அப்படியென்றால், உறுதியில் பெயர் இல்லாத ஆள் வேறொரு சட்டத்தரணியிடம் தனியாகப் போக வேண்டும். வந்தவரை யாரும் வற்புறுத்தவில்லை என்று அந்தச் சட்டத்தரணி உறுதிப்படுத்த வேண்டும்.

போனேன். வயதானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் இங்கே பயப்படாமல் பேசலாம் என்றார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். கடனை நீங்கள் கட்ட வேண்டும், வீட்டில் உங்களுக்கு ஒரு உரிமையும் இராது, மனைவி விரும்பினால் உங்களை வெளியே போகச் சொல்லலாம், இது உங்களுக்கு விளங்குகிறதா என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"விளங்குது" என்றேன். "எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கலியாணம்."

அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ராணியிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மறுகா உங்களுக்கு?" என்றாள்.

"எனக்கு எப்பவும் போலதான்."

மடித்த துணியைத் திரும்ப விரித்து, இன்னொரு தடவை மடித்தாள். கண் கலங்கியிருந்தது. என்னிடம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்கிற ஆளுமில்லை. என் சட்டைப் பையில் இருந்த திரைச்சீலை அளவை எடுத்துக் கொடுத்தேன்.

6

வீட்டுக்கு வந்த ஒரு வருடமும் நன்றாகத்தான் போனது. தர்சினி பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள். மாதத்துக்கு ஒருக்கால் டானியலோடு வருவாள், மேலே சின்ன அறையில் படுப்பாள், வந்த உடனே குளிர்ப்பெட்டியைத் திறப்பாள். ராணி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ரவீந்திரனின் லயன் காம்பறாப் பகிடிதான் எனக்குள் ஏதோ செய்தது. அவனுடைய சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று, சந்தையில் ஒருவனிடம் சொல்லிக் கறுப்புக் கற்பலகையில் "நேசன் இல்லம்" என்று வெட்டுவித்தேன். நேசன் என்பது நான். இந்தத் தெருவில் சிலர் வீட்டுக்குப் பெயர்ப் பலகை வைத்திருக்கிறார்கள், ஒரு குற்றமுமில்லை. நேற்றுப் பின்னேரம் ராணி வேலையால் வர முன் துளை போட்டு, மேற்கு வாசலில் அதைப் பொருத்தினேன். கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.

ராணி எப்போதும் கிழக்கு வாசலால்தான் வருவாள். நேற்று ஏனோ முன் தெருவால் வந்தாள். பலகைக்கு முன் நின்று இரண்டு தடவை வாசித்தாள்.

"இது ஆரைக் கேட்டு அடிச்ச நீங்க?"

"சும்மா ஒரு பேர்தானே" என்றேன்.

"கல்லுல ஓட்டை போட்டிரிக்கீங்க. ஆரைக் கேட்டீங்க எண்டு கேக்கிறன்."

"என்ன பெரிய கதை. கடன் ஆரு கட்டுறது?"

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ராணி சாமான் பையைப் படியில் வைத்தாள். ஒரு கையை இடுப்பில் வைத்தாள்.

"கடனுக்கு வேணுமெண்டா பாங்குக்காரன்ட வாசல்ல உங்கட பேர அடிங்க. இது என்ட வீடு. அதைக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க, ஒண்ணாட்டி வெளிய நில்லுங்க."

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. பூட்டுத் திரும்பிய சத்தமும் கேட்டது.

மழை தொடங்கியிருந்தது. காலில் வீட்டுச் செருப்பு, உடம்பில் சட்டை மட்டும். பக்கத்து வீட்டு ஸ்டீவ் நாயோடு வந்தார். கதவுத் திறப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாயா என்று கேட்டார். இல்லை, மனைவி வெளியே போட்டுவிட்டாள் என்றேன். ஐயோ பாவம் என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். நான் முகத்தைக் கவலையாக வைத்திருக்கப் பாடுபட்டேன், அவ்வளவு சரியாக வரவில்லை.

பதினெட்டு வருடத்தில் மூன்று வாடகை வீட்டிலும் நாங்கள் எத்தனையோ சண்டை பிடித்தோம். ஒரு தடவைகூட அவள் என்னைப் போகச் சொன்னதில்லை. அவள்தான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வருவாள். நான் அதை அவளுடைய பொறுமை என்று நினைத்திருந்தேன், ஆட்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே வெங்காயம் வதங்குகிற மணம் வந்தது. திருகாணி போடும் கருவி உள்ளே இருக்கிறது, அதைக் கேட்கக் கதவைத் தட்ட வேண்டும். தட்டவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அவள் கோபமாக இருக்கட்டும் என்று, மழைக்குள் நின்றுகொண்டேன்.